சிவப்புக் கோட்டுக்குக் கீழே கடல்

அந்தச் சாலையில் கடலின் சத்தம் இருந்தது, கடலைக் காணோம். முன்பொரு புயலில் அலை ஏறி வந்து சாலையை விழுங்கப் பார்த்ததிலிருந்து, கரை நெடுக ஆளுயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். வண்டிகள் எங்கும் நிற்கக் கூடாது என்று பலகையும் வைத்திருந்தார்கள். சுவருக்கு மேலே பறவைகள் வட்டமிடுவது தெரியும். அவை எதன்மேல் வட்டமிடுகின்றன என்பதைப் போகிறவர்கள் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

தச்சரின் மனைவிக்கு நம்பிக்கையில் குறைவில்லை. கண்ணால் பார்க்க முடியவில்லையே என்பதுதான் குறை.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவள் படகுத்துறையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே அவள் டிக்கெட்டம்மாதான். ஒரு கை நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அதில் கைகள் வரும், போகும். கை எதுவும் வராத நேரத்தில் அந்த ஓட்டை நிறையக் கடல் நிற்கும். முழுக் கடலையும் தான் பார்த்ததே இல்லை என்றும், தனக்கு வாய்த்தது சீட்டுக் கட்டு அளவுக் கடல்தான் என்றும் அவள் சிரிப்பாள். பிறகு முதுகெலும்பில் ஏதோ வந்து, கால்கள் அவள் சொல்பேச்சுக் கேட்பதை நிறுத்திவிட்டன. இப்போது அவள் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. வாரம் ஒருநாள் சிகிச்சைக்காகத் தச்சர் அவளைத் தன் வேனில் அந்தச் சுவரோரச் சாலை வழியே அழைத்துப் போவார். போகும்போது கடல் அவள் பக்கம். வரும்போது அவர் பக்கம்.

"சத்தம் கேக்குது, மொகம் தெரியல," என்றாள் ஒருநாள். "போன்ல பேசற மாதிரி இருக்குங்க."

தச்சர் அதிகம் பேசுகிறவர் அல்ல. மறுவாரம் அவள் இருக்கையில் ஒரு தலையணை வைத்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு. தலை வேனின் கூரையை முட்டியது; சுவர் மட்டும் அப்படியே நின்றது.

அவளுடைய தம்பி வண்டிப் பட்டறை வைத்திருந்தான். எந்தக் கவலைக்கும் அவனிடம் ஒரு ஸ்பேனர் இருக்கும்.

"அக்காவ அதுக்கு மேல தூக்க முடியலன்னா என்ன அத்தான், வண்டியத் தூக்கிடுவோம்," என்றான்.

தூக்கிவிட்டான். ஸ்பிரிங்குகளுக்கு மேலே இரும்புக் கட்டைகள் வைத்தான். லாரிக்குப் பொருந்தும் அளவுக்குச் சக்கரம் மாட்டினான். பம்பரும் கூடவே மேலே போய், எதிரில் நிற்பவரின் மார்பைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது. தச்சர் மனைவியை இரு கைகளிலும் ஏந்தி, ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, உள்ளே உட்கார வைத்தார்.

"கல்யாணத்தன்னிக்குக் கூட இப்படித் தூக்கலையே," என்றாள் அவள்.

"அன்னிக்கு நீ தூக்கச் சொல்லல."

அன்று சுவரின் விளிம்புக்கு மேலே நீலமாக ஒரு கோடு எழுந்தது. தச்சர் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல், "தெரியுதா?" என்று கேட்டார்.

"ஆஹா, நல்லாத் தெரியுது!" என்றாள் அவள், உடனே.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் அதே கேள்வி, அதே உடனடிப் பதில். அந்த ஒரு பதிலுக்காகவே தச்சர் வாரம் முழுவதும் பலகை இழைத்தார் என்று சொன்னாலும் பொய்யில்லை.

வருடாந்தரச் சோதனைக்கு வண்டியைக் காட்ட வேண்டிய நாளும் சிகிச்சை நாளும் ஒன்றாக வந்தன. முதலில் சோதனை, அப்படியே சிகிச்சை என்று முடிவு செய்து மூவரும் கிளம்பினார்கள்.

சோதனை வளாகத்தில் காலைப் பனி இன்னும் விலகவில்லை. சுண்ணாம்புக் கோடுகளுக்கு இடையில் வண்டிகள் முன்மூடியைத் திறந்துகொண்டு, கொட்டாவி விடுகிற ஆட்களைப்போல வரிசையில் நின்றன. பனிக்குள்ளிருந்து ஒரு பெண், கையில் நீளமான கழியுடன், ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டிருந்தாள். அவள்தான் ஆய்வாளர். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் அளவுகோலம்மா. அந்தக் கழியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. பம்பரின் அடிவிளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போகக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

"கவலையே படாதீங்க அத்தான்," என்று தம்பி கிசுகிசுத்தான். "டயர்ல பாதிக் காத்த எறக்கிட்டேன். பின்னாடி உங்க தேக்குப் பலகை எல்லாத்தையும் ஏத்திட்டேன். வண்டி இப்போ நல்லாப் பணிஞ்சு நிக்குது."

"யாரு ஏத்தச் சொன்னா?" என்றார் தச்சர்.

"எல்லாரும் செய்யறதுதான்."

ஆய்வாளர் வேன் அருகே வந்தாள். கழியை வைக்கவில்லை. முதலில் டயரைச் செருப்பு முனையால் தட்டினாள்.

"காத்த யாரு குடிச்சது?"

தம்பி வானத்தைப் பார்த்தான்.

"அடைச்சுட்டு வாங்க. பலகையையும் எறக்கிடுங்க. இங்க காலி வண்டியத்தான் அளப்போம். எத்தன வருஷமா வர்றீங்க, இன்னும் இதே விளையாட்டா?"

அவள் குரலில் கோபம் இல்லை. வீட்டில் குழந்தைகள் உள்ளவளின் அலுப்புதான் இருந்தது. காற்று அடைத்தார்கள். பலகைகளை இறக்கினார்கள். சுமை குறையக் குறைய வேன் மெல்ல நிமிர்ந்தது. உறக்கம் கலைந்த ஏதோ பெரிய பிராணி எழுந்து நிற்பதுபோல. முன் இருக்கையில் டிக்கெட்டம்மா மட்டும் மிச்சம்.

"அவங்களும் எறங்கணுமே," என்றாள் ஆய்வாளர். பிறகுதான் தச்சர் மரப்பெட்டியை எடுத்து வைப்பதையும், அந்தக் கால்கள் அசையாமல் தொங்குவதையும் கண்டாள். கழியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் மேசையடியிலிருந்த நாற்காலியை எடுத்து வந்தாள். பனியில் ஈரமாகியிருந்த இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். அதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் அவளுக்குச் சொல்லவில்லை.

கழியை வைத்தாள். சிவப்புக் கோடு எங்கோ கீழே நின்றது. பம்பர் அதற்கு மேலே, வேறு உலகத்தில் இருந்தது.

"இது வேனா, ஒட்டகமா?" என்றாள். "எதுக்கு இவ்வளவு உசரம்?"

பதில் நாற்காலியிலிருந்து வந்தது.

"எனக்காகத்தாம்மா. கரைச் சுவருக்கு மேல கடல் தெரியணும்னு."

ஆய்வாளர் கழியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். தம்பி அந்தப் பார்வையை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டான்.

"மேடம், பம்பர்தான பிரச்சன? அதுக்குக் கீழ இன்னொரு இரும்புக் கம்பிய வெல்டு வச்சுத் தொங்க விட்டுடறேன். உங்க கோட்டுக்குச் சரியா வந்து நிக்கும்."

"பம்பர் எறங்கிடும். வண்டி? அச்சுக்கு மேல எவ்வளவு தூக்கலாம்னு தனியா ஒரு அளவு இருக்கு தம்பி. நீங்க வச்சிருக்கிற கட்டை அதுல ரெண்டு மடங்கு இருக்கும். ஒரு வளைவுல வேகமாத் திரும்பினா, மொத்தமும் சாஞ்சு படுத்துக்கும். கம்பிய வச்சு எதத் தாங்கறது?"

அவள் தச்சரைப் பார்த்தாள். "ஐயா, ஒரு நிமிஷம் வாங்க."

வளாகத்தின் ஓரத்தில் அவளுடைய கார் நின்றது. பழையது, சிறியது. தாழ்வாக, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டி வந்து வேனின் மூக்குக்கு எதிரே, மிக நெருக்கமாக நிறுத்தினாள். இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"உள்ள உக்காருங்க. ஓட்டற எடத்துல."

தச்சர் உடம்பை மடித்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால், சரியாகத் தன் முகத்துக்கு நேரே, தன் சொந்த வேனின் பம்பர் இருந்தது. மரத்தில் ஆணி எங்கே இறங்கும் என்பதை அடிப்பதற்கு முன்பே கண்ணால் காண்கிற மனிதர் அவர். இந்த இரும்பு எங்கே இறங்கும் என்பதையும் கண்டுவிட்டார். காரின் பம்பர் எங்கோ கீழே, வேனின் சக்கரங்களுக்கு நடுவில், எதையும் தடுக்க முடியாமல் நுழைந்து நின்றது.

"பம்பரும் பம்பரும் முட்டிக்கிட்டா ரெண்டு பேரும் எறங்கிச் சண்ட போடலாம்," என்றாள் ஆய்வாளர் ஜன்னல் வழியே. "அதுக்குத்தான் இந்தக் கோடு. சண்ட போடறதுக்கு ரெண்டு பேரும் இருக்கணும் இல்லையா?"

தச்சர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அதில் ஒரு சின்னக் குடையும், பாதி கடித்த பென்சிலும் கிடந்தன.

"யாரோடது?"

"எம்பொண்ணோடது. ஸ்கூல்ல விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவர் காரிலிருந்து இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார். இத்தனை வாரம் அந்தச் சாலையில் எத்தனை சிறிய கார்கள் எதிரே வந்தனவோ! ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டது கடவுள்தான் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"எறக்கிடறேம்மா," என்றார். "இன்னிக்கே எறக்கிடறேன்."

"அத்தான்!" என்றான் தம்பி. "அக்காவுக்குக் கடல்?"

தச்சர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பனி விலகிய இடத்தில், யாருடைய நாற்காலியிலோ, மடியில் கைகளைக் கோத்து அவள் உட்கார்ந்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை, சில நிமிடம், சுவருக்கு மேலே ஒரு நீலக் கோடு. அதைத்தான் இப்போது அவர் தன் கையாலேயே எடுத்துவிடப் போகிறார். மீதி நாளெல்லாம் அவளுக்குத் தண்ணீர்க் குழாய்தான்.

ஆய்வாளர் வண்டிக்கான சான்றை மறுத்து எழுதிக் கொடுத்தாள். பட்டறை வரைக்கும் வேறு ஆளை ஏற்றாமல், மெதுவாக ஓட்டிப் போகத் தம்பிக்கு அனுமதி தந்தாள். கழியைச் சுவரில் சாய்த்தாள். போகத் திரும்பியவள், நின்றாள்.

"எம்பொண்ணு தினமும் ஒண்ணு சொல்லுவா," என்றாள் தயக்கத்துடன். "அந்தச் சாலையில போறப்போ, 'அம்மா, சுவரக் காணோம்'னு. சின்னப் புள்ள, என்னமோ கனவு காணுதுன்னு விட்டுட்டேன். அப்புறந்தான் யோசிச்சேன். அந்தச் சுவர்ல, அலத்தண்ணி திரும்பிப் போறதுக்குக் கீழேருந்து நெஞ்சு உசரம் வரைக்கும் பொளவு பொளவா விட்டிருக்காங்க. ஓட்டறவங்களுக்குத் தெரியாது. சாய்வாப் பாத்தா வெறும் சுவர்தான். பக்கத்துல உக்காந்து நேரா வெளிய பாத்தா..."

"தெரியுமா?" என்றார் தச்சர்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் ரோட்டத்தான பாக்கறேன். புள்ள சொல்றத வச்சுச் சொல்றேன்." கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு இப்போ இடைவேள. ஆஸ்பத்திரிக்கு எப்படியும் நீங்க போகணும். ஏறுங்க, நான் விட்டுடறேன்."

டிக்கெட்டம்மாவைச் சின்னக் காரில் உட்கார வைக்க மரப்பெட்டி தேவைப்படவில்லை. நாற்காலியிலிருந்து அப்படியே நகர்த்தினாலே போதுமாக இருந்தது. குடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தச்சர் பின்னால், அவளுக்கு நேர் பின்னே உட்கார்ந்தார்.

சுவர் தொடங்கியது. சாம்பல் நிறம், மேலே பறவைகள். ஆய்வாளர் காரை ஒரே சீராக, நடுத்தர வேகத்தில் விட்டாள். முதலில் பிளவுகள் ஒவ்வொன்றாக, ஒளிக் கீற்றுகளாகச் சொடுக்கிக்கொண்டு போயின. பிறகு அவை நெருங்கின. பிறகு ஒன்றோடு ஒன்று கலந்தன. பிறகு, எப்போது என்று சொல்ல முடியாத ஒரு கணத்தில், சுவர் இல்லை.

சுவர் இருந்த இடத்தில் மெல்லிய புகைபோல ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கடல் வந்தது. பனியின் கீழ் வெளுத்துக் கிடக்கும் கடல். தூரத்தில் அசையாத ஒரு படகு. பாறையில் உடைந்து வெள்ளையாக எழும் அலை. கோடு அல்ல, முழுக் கடல். எல்லாம் லேசாக நடுங்கின, தூங்கி எழுந்த குழந்தையின் கண்ணுக்குள் வீடு நடுங்குவதுபோல. சாலைக்கும் கடலுக்கும் இடையே மனிதர் கட்டியதைக் கடவுள் ஊதி அணைத்துவிட்டதாகத்தான் தச்சருக்குத் தோன்றியது.

அவர் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டியிருந்தாள். ஒரு வார்த்தை இல்லை.

சுவர் முடிந்து, வீடுகள் வந்தன.

"என் கவுன்டர் ஜன்னல் மாதிரியே இருந்துச்சு," என்றாள் அவள் நெடுநேரம் கழித்து. "ஆயிரம் ஜன்னல வரிசையாத் தொறந்து வச்ச மாதிரி."

"வேன்லேருந்து பாத்தத விடவா?" என்றார் தச்சர், பின்னாலிருந்து.

அவள் குடையின் பிடியைத் திருகினாள். "ஏங்க, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்த ஒட்டகம் ஆடற ஆட்டத்துல எனக்குத் தலை சுத்தும். சுவர் வந்ததுமே கண்ண மூடிக்குவேன். நீங்க கேக்கறப்போ 'ஆஹா'ன்னுடுவேன்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள்.

"அடிப் பாவி," என்றார் தச்சர். "ஒவ்வொரு வாரமுமா?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்ல?"

அவர் கை நீட்டி அவள் தோளைத் தொட்டுவிட்டு, கையை அங்கேயே விட்டுவிட்டார். உள்ளதைச் சொல்வதும் அன்புதான், சொல்லாமல் விழுங்குவதும் அன்புதான். எது எப்போது என்பதைத்தான் நாமெல்லாம் ஆயுள் முழுக்கத் தட்டுத் தடுமாறிக் கற்கிறோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆய்வாளர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள்.

"உங்க வேன் பழைய உசரத்துக்கு வந்தாலும் என் கார விட உசரந்தான். அந்தப் பொளவு உங்க ஜன்னலுக்குத் தாழ்வாப் போயிடும். தலையணைய எடுத்துடுங்க. சீட்டக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. கொஞ்சந்தான். பெல்ட் தோள விட்டு நழுவற அளவுக்குச் சாய்ச்சீங்கன்னா அப்புறம் நானே வந்து புடிப்பேன்."

"வருமா?" என்றார் தச்சர்.

"அத நான் அளந்ததில்லையே."

அந்த வாரம் தம்பி கட்டைகளைக் கழற்றினான். பழைய சக்கரங்களை மாட்டினான். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான், ஆனால் ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை முடுக்கினான். மறுபடி சோதனைக்குப் போனபோது பம்பர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே பணிவாக நின்றது. ஆய்வாளர் சான்றைக் கையில் கொடுத்தாள். தச்சர் ஒரு சிறிய மரப்பெட்டியை அவளிடம் நீட்டினார். பென்சில் வைக்கும் பெட்டி; இழுத்தால் திறக்கும் மூடி.

"இதெல்லாம் வாங்கக் கூடாதுங்க."

"உங்களுக்கு இல்ல. சுவரக் காணோம்னு சொன்னவங்களுக்கு."

அவள் சற்று யோசித்தாள். "நீங்களே குடுங்க. சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல நிப்பா," என்றாள்.

அடுத்த சிகிச்சை நாளன்று மூவரும் கிளம்பினார்கள். பழக்க தோஷத்தில் தச்சர் இரண்டு தலையணைகளையும் எடுத்து வந்தார். டிக்கெட்டம்மா அவற்றை வாங்கிப் பின்னால் இருந்த தம்பியின் மடியில் போட்டாள்.

"இவ்வளவு நாளா என்ன மேல மேல தூக்கினீங்க," என்றாள். "இன்னிக்குக் கீழ போய்ப் பாப்போம்."

சுவர் வந்தது. ஆய்வாளர் ஓட்டிய அதே வேகத்தைத் தச்சர் நினைவிலிருந்து எடுத்துப் பிடித்தார். அவர் கண்ணுக்குச் சுவர் சுவராகவே, ஒரே திண்ணமாக முன்னால் நீண்டது. பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வழியில்லை. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

"தெரியுதா?" என்றார்.

"சுவர்தான் தெரியுது," என்றாள். "பொளவெல்லாம் கீழ இருக்கு."

உண்மையைத்தான் சொல்கிறாள். அவள் இருக்கையின் ஓரத்தில் துழாவினாள். கால்கள் கைவிட்டாலும் கைகளில் பலம் இருந்தது; வாழ்நாளெல்லாம் டிக்கெட் கிழித்த கைகள். இருக்கையைச் சாய்க்கும் நெம்புகோல் ஒரு பல் நகர்ந்து, கிரீச்சென்றது.

"இப்போ?"

"இருங்க, இன்னும் கொஞ்சம்."

மறுபடி கிரீச். பெல்ட் தோளில் சரியாக இருக்கிறதா என்று தம்பி பின்னாலிருந்து எட்டித் தொட்டுப் பார்த்தான். அவர்களுக்குப் பின்னே ஒரு கார் ஹாரன் அடித்தது. அதன் பின்னே இன்னொன்று.

"அத்தான், கொஞ்சம் வேகமாப் போங்களேன், பின்னாடி திட்டறாங்க."

"திட்டட்டும்."

வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. சுவர் பாதி கடந்துவிட்டது. மீதி இருப்பது கொஞ்சம்தான். இந்த வாரத்துக்கு உள்ளதெல்லாம் அவ்வளவுதான். உதட்டுக்குள்ளேயே ஒரு வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு, அவர் மறுபடி கேட்டார்.

"தெரியுதா?"

பதில் வரவில்லை.

ஆஹா என்று அவள் சொல்லவில்லை. நல்லாத் தெரியுது என்று சொல்லவில்லை. அவர் கேட்டதே அவள் காதில் விழவில்லை. அவளுடைய மூச்சு மட்டும், அலை வந்து போகிற கணக்கில், ஏறி இறங்குவது கேட்டது.

தச்சருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு, கால் அசையாமல், வேன் போகிற போக்கில் போனார். பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தம்பி திரும்பிப் பார்த்தான். பின்னே வந்த காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த பெண், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே பார்த்தபடி, ஓட்டுகிறவரின் கையைப் பிடித்து மெதுவாக, மெதுவாக என்று அசைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் வந்த வண்டிகளும் அதே வேகத்தில், எங்கோ ஒரு கனவுக்குப் போகிற ஊர்வலம்போல, சுவர் இல்லாத அந்தச் சாலையில் ஊர்ந்து வந்தன.